உண்மை நகல்

தாராவி தொண்ணூறடி ரோட்டில்
இருபத்திரண்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை.
ரேஷன் கார்டு, வாடகைப் பத்திரம், சாவுச் சான்று
எல்லாம் என் கண்ணாடிமேல் கவிழ்ந்து படுத்து
ஒரு கீற்று வெளிச்சம் வாங்கிக்கொண்டு எழுந்து போகும்.
அதனால்தானோ என்னவோ
பஞ்ச் சாட்சிக்கு ஆள் வேண்டுமென்றால்
சப்-இன்ஸ்பெக்டர் சுர்வே என் ஷட்டரைத்தான் தட்டுவார்.

அன்றைக்கும் தட்டினார். மழை.
நாலாவது சந்து, ஏணிபோட்ட மாடியறை,
பாய்மேல் லேப்டாப், பாதி தின்ற வடாபாவ்,
கைகட்டி நிற்கும் பையன்.
முலுண்டு டீச்சரம்மா ஒருத்தியின்
ஓய்வுப் பணம் பதினோரு லட்சம்
இந்த அறைவழியாகப் போயிருக்கிறது என்றார்கள்.
எனக்குச் சுவரில் ஈரம்தான் தெரிந்தது.
"செருப்பைக் கழட்டாதீங்க அண்ணாச்சி, தரை ஒழுகுது"
என்றான் அந்தப் பையன்.

லேப்பிலிருந்து வந்த ருதுஜா
ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு சின்னப் பெட்டியில் மாட்டினாள்.
படிக்க விடும், எழுத விடாதாம் அது.
விடியும்வரை ஒரே ஒரு நகல்.
நான் நிமிஷத்துக்கு முப்பது எடுப்பேன்.
கடைசியில் திரையில் ஒரு நீளக் குறியீடு,
எழுத்தும் இலக்கமும் கலந்து அறுபத்துநாலு.
அசலுக்கும் அதுவே, நகலுக்கும் அதுவே.
"உள்ளே ஒரு கமா கூடினாலும்
இது ஆளே மாறிவிடும், அங்கிள்."
ஓரம் கருத்துத் தலை சாய்ந்து வரும்
என் காகிதங்களை நினைத்துக்கொண்டேன்.

அரக்கு வைத்த உறைமேல் கையெழுத்துப் போட்டேன்:
ச. தவசிமுத்து.
கடைசித் து-வுக்கு ஒரு சுழி,
அடியில் இரண்டு புள்ளி.

வழக்கு வர நாலு வருஷம்.
அதற்குள் சட்டத்துக்கு வேறு பெயர், பிரிவுக்கு வேறு எண்.
அறுபத்தைந்து-பி என்று அச்சடித்த படிவம்
ஒரு கட்டு கடையில் தங்கிவிட்டது.
பின்பக்கத்தில் கணக்கு எழுதுகிறேன்,
இடக்கையால்.
வலக்கை, சயான் ஆஸ்பத்திரியில்
பதினேழு நாள் படுத்ததோடு சரி.

குர்லா கோர்ட் வராந்தா.
சாட்சி சொல்லி வெளியே வந்த ருதுஜா
கட்டைவிரலை உயர்த்தினாள்.
அறுபத்துநாலும் அப்படியே இருக்கிறதாம்.
கடைசி நாலு எனக்கே ஞாபகம்: ஏழு, சி, பூஜ்யம், இ.

உள்ளே வக்கீல் வெள்ளைத்தாள் நீட்டினார்.
"உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்."
பேனா நத்தைபோல ஊர்ந்தது.
சுழி சுழியவில்லை.
புள்ளி வைக்க மறந்துபோனேன்.
உறையையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அன்றைக்கு அந்த அறையில் இருந்தது
நீங்கள்தான் என்று யார் சொல்வது?"

சுர்வே சொன்னால், போலீஸ்.
ருதுஜா சொன்னால், அவளும் அரசாங்கம்.
கூண்டில் நின்றவனைப் பார்த்தேன். இப்போது மீசை இருந்தது.
மடங்கிக் கிடந்த என் கையையே பார்த்தான்.
அண்ணாச்சியின் முதல் எழுத்துக்கு
வாய் திறந்தது.
வக்கீலைப் பார்த்தான்,
மூடிக்கொண்டான்.