கரடி திறக்காத டப்பா

அமிர்தகடேசன் அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்தது
ஒரு கூடாரம், ஒரு முழங்கால் வலி,
கரடியால் திறக்க முடியாத ஒரு டப்பா.

மூன்று வருஷம் மீன் பதனிடும் ஆலையில் இருந்தான்.
லீவு நாளில் பனியாற்றோரம் போய்ப் படுப்பானாம்.
"அதுக்கும் ஆறுன்னுதான் பேரு, தையல்.
ஆனா நடக்கும். ஒரு நாளைக்கு ஒரு சாண்.
ராத்திரியில உடையும்போது
ஆயிரம் நெல் மூட்டை ஒண்ணா சரிஞ்ச மாதிரி இருக்கும்."

நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போடுகிறவள் நான்.
ஒரு மூட்டை சரிந்தாலே
யார் தலையில் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஆடியில் ஒரு சனிக்கிழமை
அணைக்கரைக்குக் கீழே
கொள்ளிடத்து நடுத்திட்டில் கூடாரம் அடித்தோம்.
கரையில் பலகை: முதலைகள் உள்ளன, இறங்காதீர்.
யாரோ முதல் எழுத்தைச் சுரண்டிவிட்டார்கள்.
தலைகள் உள்ளன.

கரடி நாட்டுச் சட்டம் சொன்னான்:
சமையல் நூறடி தள்ளி, காற்று போகும் பக்கம்.
சோப்பு, பற்பசை, ஏலக்காய்வரை
மணக்கிற எதுவும் டப்பாவுக்குள்.
நடந்தால் பேசிக்கொண்டே நட,
திடீரென்று எதிரில் நிற்கிற மனுஷன்தான் கரடிக்குப் பயம்.
"முதலைக்கு?" என்றேன்.
யோசித்தான்.
"அது நம்ம பேச்சைக் கேக்காது."

புளிச்சோறு உள்ளே போனது, மோர்மிளகாய் போனது,
என் தலையிலிருந்த மல்லிகையும் போனது.
போன்களை அணைக்கச் சொன்னான்.
காடு என்றால் காடாக இருக்க வேண்டுமாம்.
அங்கே காடென்று இருந்தது
நாணலும் நெய்வேலிக் காட்டாமணக்கும்.

இருட்டியபின் டார்ச் அடித்தோம்.
குட்டைக்கு அந்தப் பக்கம் இரண்டு கங்கு,
யாரோ இரண்டு பேர் பீடியோடு
குந்தியிருப்பதுபோல.
அணையவில்லை. நெருங்கவும் இல்லை.

அப்போதுதான் சொன்னான்,
மூன்று வருஷம் வீடியோ காலில் சொல்லாததை:
கூடாரத் துணிக்கு வெளியே ஒரு பழுப்புக் கரடி
மூச்சு விட்டுக்கொண்டு நின்றது.
"யாரை நினைச்ச?"
"யாரையும் இல்ல. அது மூச்சை எண்ணினேன்.
நாப்பத்திரண்டு."
அந்த நேர்மைக்காக
அவன் முழங்காலைக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டேன்.

இரண்டு மணி இருக்கும்.
ஓட்டைச் சாக்கிலிருந்து நெல் ஒழுகுகிற சத்தம்.
அது எனக்குத் தெரியும்.
தூக்கத்திலேயே கை, ஓட்டையைத் தேடியது.

ஜிப்பைத் திறந்தால்
மணல்மேல் நுரை நாக்கு நீட்டி வருகிறது.
அதற்கு முன்னால் சருகு, ஒற்றைச் செருப்பு,
உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடும் பிள்ளைப்பூச்சிகள்.
மணல் குடிக்கக் குடிக்க அது நடந்தது.
ஒரு நாளைக்கு ஒரு சாண் அல்ல.

மதகைத் தூக்கியிருந்தார்கள்.
சாயங்காலமே ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்களாம்,
போனிலும் வந்ததாம்.
எங்கள் போன்கள் காடாக இருந்தன.

கரடிச் சட்டத்தில் இதற்கு ஒன்றும் இல்லை.
கூடாரத்தை அப்படியே தலைக்குமேல் தூக்கி
முட்டளவுத் தண்ணீரில் ஓடினோம்.
அவன் சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தான்,
"வர்றோம், நாங்கதான், வர்றோம்" என்று
யாரிடமோ.
டார்ச்சில் அந்தக் கங்குகளைத் தேடினேன். இல்லை.
அதுவும் கரைக்குத்தான் போயிருக்கும்.
எங்களுக்கு எவ்வளவு பக்கத்தில் என்பதை
நாங்கள் இன்னும் பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள் பக்கிரிசாமி வந்தார்.
டப்பா வலையில் சிக்கியதாம்.
மேலெல்லாம் கல்லடி, அரிவாள் கீறல்.
"உள்ள என்னமோ உருளுது. திறக்க மாட்டேங்குது."

மூடியின் பள்ளத்தில் காசைக் கொடுத்துத் திருப்ப வேண்டும்.
அமிர்தம் பை பையாகத் துழாவினான்.
அவன் காசெல்லாம் போனில்.
பக்கிரிசாமி மடியை அவிழ்த்து ஐந்து ரூபாய் தந்தார்.

நாற்றத்தில் மூவரும் ஒரே அடியாய்ப் பின்வாங்கினோம்.
மல்லிகை கறுத்திருந்தது,
நூல் மட்டும் வெள்ளை.

"இதுக்கா இவ்வளவு பூட்டு?" என்றார்.
பிறகு, கழுவிக் கொடுத்தால்
தூண்டில் முள் போட்டு வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

போகும்போது
ஐந்து ரூபாயை மறக்காமல் வாங்கிக்கொண்டார்.
திறக்க வேண்டுமே.