இரண்டு விரல் கூடுதல்

நக்ஸோஸில் என் வேலை தேய்ப்பது.
வெட்டுவது மனாசிப்போஸ்; பேசுவதும் அவர்தான்.
எமரிக் கல்லும் கடல்தண்ணீரும்
உளியின் பல்தடம் மறையும்வரை.
என் விரல்நுனிகளில் ரேகை போய் ஏழு வருஷம்.

இந்தப் பளிங்குப் பாளத்தில்
முகப்பில் ஒருவன், முதுகுப்புறம் ஒருவன்,
விலாவுக்கு ஒருவனென்று
சிவப்புக் கட்டங்களுக்குள் நாலு பேரை வரைந்தோம்.
நாலு திசையிலிருந்தும் தோண்டிக்கொண்டே போய்
நடுவில் சந்தித்தபோது
ஒரே ஆளாக நின்றான்.

அகன்ற தோள். கைப்பிடியில் அடங்கும் இடுப்பு.
தொடையோடு ஒட்டிய கை.
வயிற்றில் ஏர் ஓட்டியது போல மூன்று சால்.
காது, நத்தையின் ஓடு.
பிடரியில் மணி மணியாய்ப் பதினான்கு சரம்,
சரத்துக்கு ஒரு பகல் என் ஆயுளில் போனது.
வாதுமைக் கண்.
உதட்டின் இரு கோடியும் மேலேறிய சிரிப்பு.

எதற்குச் சிரிக்கிறான் என்றேன்.
"வாயை நேராக விட்டால்
செத்தவன் மாதிரி இருக்கும்" என்றார் மனாசிப்போஸ்.
செத்தவனுக்குத்தானே செய்கிறோம்
என்று நான் சொல்லவில்லை.

கூலி பேசிய கிளியாரிஸ்தே
படகில் வந்து இறங்கினாள்.
மகனுக்காகத் திராட்சைத் தோட்டத்தை விற்றவள்.
மாடு வாங்க வந்தவள் போலச் சுற்றிச் சுற்றி வந்தாள்.
சிரிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"மூடிய கைக்குள் என்ன?"
"கல்தான் அம்மா. குடைந்தால் விரல் போய்விடும்."
"தாயம் உருட்டும் ஆட்டுக் கணுவெலும்பு வைத்திருப்பான்.
தோற்றால் கையைத் திறக்கமாட்டான்.
இருக்கட்டும்."

பிறகு சொன்னாள்:
"கால் தப்பு.
தெயானோருக்கு வலது கால் குட்டை."

மனாசிப்போஸுக்குக் காது சிவந்தது.
இடது கால் முன்னே, இரண்டு பாதமும் தரையில்,
இப்படித்தான் நிற்பார்கள், எகிப்திலும் இப்படித்தான்,
நொண்டியைச் செதுக்க
எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை என்று
வைன் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

அவள் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள்.
ஒரு நுனியை என்னிடம் நீட்டினாள்.
இடுப்பெலும்பில் நான் பிடிக்க
இடது குதிகாலில் அவள் முடிச்சுப் போட்டாள்.
பிறகு வலப்பக்கம்.
கயிறு மிஞ்சித் தரையில் கிடந்தது.

இரண்டு விரல்.

மறுபடி அளந்தோம். இரண்டு விரல்.
இடுப்பு சாயாமல், குதி எம்பாமல்
ஒரு காலை முன்னே வைக்கவேண்டுமென்றால்
அந்தக் கால் நீண்டுதானே ஆகவேண்டும்?
குளிர்காலம் முழுக்க
இந்தக் கால்களைத் தேய்த்தவன் நான்.
என் கைக்குத் தெரியவில்லை.

"நடந்தால் நொண்டுவான்" என்றாள் மெதுவாக,
ஏதோ ரகசியத்தை ஒப்படைப்பது போல.
மீதிக் கூலியை எண்ணி வைத்தாள்.
"அவரிடம் சொல்லாதே. திருத்திவிடுவார்."

முடிக்குச் சிவப்புப் பூசினோம், கருவிழிக்குக் கறுப்பு.
வைக்கோல் சுற்றிப் படகில் ஏற்றினோம்.
அடுத்த வாரம்,
கோயிலுக்கென்று பட்டறையில் நிற்கும் அப்பொல்லோனை
ஆளில்லாத நேரத்தில் அளந்து பார்த்தேன்.

நாலு விரல்.
தெய்வம் பெரிதல்லவா.