பதினோராவது நூல்

லாங் பஜாரில் வாங்கிய சிவப்புக் கம்பளி நூலை
விரல் நீளத்துக்கு நறுக்கி,
மல்லாந்து படுத்து,
பின் இறக்கையின் அடிவயிற்றில் ஒட்டினாள் ஷம்ஷாத்.
மேல்பக்கம் பொய் சொல்லாதாம்; கீழேதான் காற்று ஏமாற்றும்.

விடியுமுன் ராணிப்பேட்டை சிப்காட் சாலை.
தோல் தொழிற்சாலை வாடைக்குள்
எண்பதில் போனான் தேவநேசன்.
பின்னால் பைக்கில் நான், தாழப் பிடித்த கேமராவோடு.

பத்து நூல்கள்
எண்ணெய் வைத்து வாரிய தலையாய்ப் படிந்திருந்தன.
பதினோராவது மட்டும்
வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது.

இரண்டு டிகிரி தாழ்த்தினோம்.
விளிம்பில் என் பழைய ஸ்டீல் ஸ்கேலை
மடித்து நிறுத்தி ரிவெட் அடித்தோம்.

"யாரோ தோளைப் பிடிச்சு அழுத்துற மாதிரி இருக்கு" என்றான்,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே.

ஷம்ஷாத் காதில் விழவில்லை.
படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள்:
பதினொன்று படிந்துவிட்டது.
ஏழாவது
லேசாய் நடுங்குகிறது.