இருந்தது

ஆரே நதிக்கரையில் வட்டமாக ஒரு கட்டடம்.
உள்ளே எலெக்ட்ரான்கள்
எங்கும் போய்ச் சேராமல்
ஓடிக்கொண்டே இருக்கின்றன.

எங்களுக்குக் கிடைத்தது ஐந்து நாள்.
நான்காம் இரவு, மணி மூன்று பத்து.
ஃப்ளுரினா மேசைமேல் கால் நீட்டியிருக்கிறாள்,
காலுறையில் பெருவிரல் ஓட்டை.
மிலோராட் ஆறிப்போன பாலாடைக்கட்டி ரொட்டியை
விசைப்பலகைக்கு மேலேயே பிய்த்துத் தின்கிறான்.
கதிரின் வழியில் சாய்ந்தபடி
மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறது
கடோலினியமும் கோபால்ட்டும் கலந்த வட்டத் தகடு.
தும்மினால் தொலைந்துவிடும்.
ஒருமுறை தொலைந்தும் இருக்கிறது.

வெளியே வெறும் உலோகப் பொட்டு.
எக்ஸ் கதிர் ஊடுருவிய பிறகுதான் தெரிந்தது,
உள்ளே கோடானுகோடி ஊசிகள்.
ஒன்று சாய்ந்தால் பக்கத்தது கொஞ்சம் சாயும்,
அதற்குப் பக்கத்தது இன்னும் கொஞ்சம்.
சாய்ந்து சாய்ந்தே ஒரு சுழி.
சுழி நீண்டு, வளைந்து,
தன் வாலைத் தானே கண்டுபிடித்து
வளையமாகிக் கிடந்தது.

பார்க்க எப்படி இருக்கும் என்றேன்.
நான்கு மாதமாக விட்டிருந்த சிகரெட்டை
காவலாளியிடம் கடன் வாங்கி,
வெளியே கூட்டிப்போய்,
மூடுபனியில் ஒரு புகைவளையம் விட்டான் மிலோராட்.
அகன்றது, நெளிந்தது,
சைக்கிள் நிறுத்தத்தைத் தாண்டுமுன் காணோம்.
"இதேதான். ஆனால் உள்ளே காற்று கிடையாது.
அதற்குப் போக வழியில்லை."

இழுக்கலாம், நசுக்கலாம், கோணலாக்கலாம்.
அவிழாது.
அறுத்தால்தான் உண்டு.
அறுபடும் இடத்தில் ஒரு புள்ளி பிறக்கும்.
எல்லாத் திசையும் அங்கே வந்து முட்டுவதால்
அதற்கென்று திசையே இல்லை.
ஃப்ளுரினாவிடம் சொன்னேன்,
என் மொழியில் சுழலுக்கும் சுழி,
சைபருக்கும் சுழி.
"வசதியான மொழி" என்றாள், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

ஐந்தரைக்குக் காந்தப்புலத்தை
ஒரு முள் கூட்டினோம்.
மறுபடி மூன்று மணி நேரம்.
படம் வந்தபோது
வளையம் இருந்த இடத்தில் ஊசிகள் எல்லாம்
ஒரே பக்கம் பார்த்து நின்றன,
எதுவுமே நடக்காத முகத்தோடு.

எந்த நொடியில் அறுந்தது?
இரண்டு படங்களுக்கு நடுவே,
காப்பி இயந்திரத்தோடு
நாங்கள் சண்டை போட்ட நேரமாயிருக்கலாம்.

புலத்தைப் பழைய அளவுக்கே இறக்கினோம்.
வரவில்லை.
மிச்சமிருந்த நாளை முழுக்க அதற்கே கொடுத்தோம்.
வேறு சுழிகள் வந்தன. அது வரவில்லை.

பதிவேட்டில் ஃப்ளுரினா எழுதினாள்: 'இருந்தது.'
மறைந்த நேரத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டாள்.
அடுத்த குழு தள்ளுவண்டியோடு
வாசலில் வந்து நின்றுவிட்டது.
எழுந்தேன்.
பாதிக் கோப்பையில்
காப்பி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.