ஆரஞ்சுப் பொத்தான்

ஹவல்லியில், கடைக்குப் பின்னால்
ஏசி மட்டும் பேசுகிற அறைக்கு
பிளாஸ்டிக் கிட்டார்கள் வரும்.
கம்பி கிடையாது. கழுத்தில் ஐந்து பொத்தான்.
கழற்றி, ஸ்பிரிட்டில் துடைத்து,
சால்டரிங் வைத்து, டிவியில் மாட்டிப் பார்ப்பேன்.
பச்சை விழுகிறது, சிவப்பு விழுகிறது, சரி.
அணைத்துவிடுவேன்.
எந்தப் பாட்டிலும் முதல் இருபது விநாடி
எனக்கு மனப்பாடம்.
அதற்குமேல் யார் என்ன பாடினார்களோ.

நவ்வாஃப் மூன்றாம் முறையாக வந்து நின்றான்.
பாதி அரபி, பாதி இந்தி:
"கடைசியில்தான் போகிறது. ஆரஞ்சு."

ஷட்டரை இறக்கிவிட்டு
கடைசிவரை வாசிக்க உட்கார்ந்தேன்.
ஒரு நிமிடம் தாண்டியதும்
டப்பா கவிழ்ந்த திருகாணிகளாக நிறங்கள்.
திரைக்குள் கூட்டம் ஊளையிட்டது.
மறுபடி. மறுபடி.
ராத்திரிக்கு வாங்கிய குப்பூஸ் விறைத்தது.
சாவி கேட்டு வந்த சீனி நைனா
"வேலையா, வெளையாட்டா?" என்றான்.
ரெண்டும்தான் என்று சொல்ல
கை ஒழியவில்லை.

இரண்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன்:
முடிவதற்குச் சற்று முன்
டிரம், குரல் எல்லாம் விலகிக்கொள்ள
கிட்டார் மட்டும் தனியாக நடக்கிற இடம்.
அங்கேதான் ஆரஞ்சு
நீளமாக வருகிறது. விடாமல் பிடிக்கவேண்டும்.
பிடித்தேன்.
பாதியில் அறுந்தது.

கோளாறு கிடைத்துவிட்டது. மயிரிழை விரிசல்.
ஒரு சொட்டு ஈயம்.
வைத்தும் ஆயிற்று.

பில்லில் ஒன்றரை தினார் எழுதினேன்.
நவ்வாஃபுக்குச் செய்தி அனுப்பினேன்:
இன்னும் சரியாகவில்லை,
வியாழக்கிழமை வா.