நாற்பது வாட்

மூன்று கிலோ பின்தொடைக் கறி,
ஓரத்தில் ஒரு விரல் கொழுப்போடு.
மாக்ரீட்டா கொழுப்பை வழித்துவிட்டுத்தான் தருவாள்,
சண்டை போட்டு வாங்கினேன்.
நார் ஓடும் திசையிலேயே போ, குறுக்கே போகாதே
என்று கத்திக்குச் சொல்லிக்கொண்டே
முழ நீளத்துக்கு அரிந்தேன்.
வினிகரில் முக்கி, கல்லுப்பில் புரட்டி,
வறுத்து ஒன்றிரண்டாய் இடித்த கொத்தமல்லியை
இரண்டு கையாலும் அப்பினேன்.

வெள்ளிக்கிழமை கப்பல்.
நாற்பது நாள் ஹேக் மீன் பிடிப்பான் ஆப்னர்,
நாற்பது நாளும் ஹேக் மீன் தின்பான்.
போன தடவை திரும்பியவன்
மூட்டையைக்கூட இறக்காமல் சொன்னான்:
"கடித்தால் திருப்பிக் கடிக்கிற எதையாவது போடு."

மாரியென்டாலில் என்றால் கம்பியில் மாட்டிவிட்டு
வேறு வேலை பார்க்கலாம்.
அங்கே காற்று சம்பளமில்லாத வேலைக்காரன்.
இங்கே, வால்விஸ் விரிகுடாவில்,
ஒரு பக்கம் பாலைவனம், ஒரு பக்கம் கடல்,
விடியற்காலை ஐந்துக்கு
இரண்டுக்கும் பொதுவாய் மூடுபனி.
மார்ச்சில் கட்டிய கறி பச்சை பூத்துவிட்டது.
வெள்ளைப் பூஞ்சை என்றால் துடைத்திருப்பேன்.
பச்சையை நாயே முகர்ந்துவிட்டு
என்னைப் பார்த்தது.

அதனால் பெட்டி.
டிவி வந்த அட்டைப்பெட்டி,
அடியில் ஆறு ஓட்டை, தலையில் ஆறு ஓட்டை,
துடைப்பக் கழி இரண்டு, பேப்பர் கிளிப் கொக்கிகள்,
கீழே ஒரு பல்பு.

பல்புதான் கிடைக்கவில்லை.
வீட்டு விளக்கெல்லாம் சிக்கன விளக்கு,
தொட்டால் தவளை முதுகு மாதிரி ஜில்லென்று.
மூன்று கடை ஏறி இறங்கினேன்.
கடைசியில் இரும்புக்கடை டீட்டர்
ஏணி போட்டு ஏறி
தும்மிக்கொண்டே எடுத்தார் ஒன்றை.
"வெளிச்சம் கொஞ்சம், மீதி எல்லாம் சூடாய் வீணாகும், அம்மா."
"அந்த வீண்தான் எனக்கு வேண்டும்."

ஞாயிறு ராத்திரி மாட்டினோம்,
ஒன்றையொன்று தொடாமல்.
ஓட்டை வழியே அடுப்படித் தரையில்
மஞ்சள் வட்டங்கள்.
தொட்டில் கட்டிய வீடு போல
இருவரும் ஏனோ குரலைத் தாழ்த்திப் பேசினோம்.
திங்களன்று தராசில் இரண்டரை.
செவ்வாயன்று இரண்டே கால்.
எங்கள் கடன் ஒருநாளும் இப்படி வற்றியதில்லை.

புதன் மாலை ஃபோன்.
கப்பல் இன்றைக்கே.
அழுத்திப் பார்த்தேன்: மேலே தோல் இறுகியிருந்தது,
நடுவில் இன்னும்
கட்டைவிரலடிச் சதை போல் மெத்தென்று.
"வேகாததைத் தருகிறேனே" என்றேன்,
வேக வைப்பதே இல்லை என்பதை மறந்து.
கொக்கியோடு கழற்றித் தலையணை உறையில் போட்டான்.
ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போ என்றேன்.
விட்டான். இருப்பதில் சிறியதை.

ஒன்பதாம் நாள் கேப்டனின் ஃபோனிலிருந்து செய்தி:
எஞ்சின் அறைக் குழாயில் தொங்கவிட்டேன்.
இரண்டே நாள். விறகு.
உன் பல்பைவிட எங்கள் எஞ்சின் கெட்டிக்காரன்.
டீசல் வாசனை கொஞ்சம் உண்டு, யாரும் குறை சொல்லவில்லை.
ஸ்பெயின்கார மெக்கானிக் மட்டும் நான்கு துண்டு.
இப்போது கொக்கிகள்தான் மிச்சம்.

சிரித்தேன். அப்புறம் எரிச்சலாய் இருந்தது.
நாற்பது நாளுக்கு என்று கணக்குப் போட்டவள் நான்.

என் துண்டு இப்போது கருங்காலி.
குறுக்கே சீவினால் நகத்தளவுச் சில்லு,
ஜன்னலில் பிடித்தால் உள்ளே மாதுளை நிறம்.
வாயில் போட்டால் முதலில் உப்பு,
பிறகு கொத்தமல்லி,
பொறுத்திருந்தால்தான் மாடு.

பெட்டியில் ஒன்றுமில்லை.
பல்பு எரிகிறது.
காசு தீரப்போகிறது என்று
மீட்டர் கத்துகிறது, கத்தட்டும்.
வெளியே பனி கண்ணாடியில் முகம் வைத்து
உள்ளே பார்க்கிறது.
ஓட்டையருகே உள்ளங்கையை நீட்டி
உட்கார்ந்திருக்கிறேன்.