மீதம்

ஜெய்ஹிந்த்புரத்தில் இரண்டாவது மாடி.
நூற்று எண்பத்தாறு இரும்பு தோசைக்கல்.
கட்டிலுக்கடியில் நாற்பது,
அலமாரியில் சேலை இருந்த இடத்தில் முப்பது,
மிச்சமெல்லாம் சுவரோரம் அடுக்கி
நடக்க ஒரு ஆள் வழி.
கீழ்வீட்டு ராமலட்சுமி ஒருநாள் கேட்டாள்:
"தளம் தாங்குமாக்கா?"
எனக்கும் அதே சந்தேகம்தான்,
வேறு அர்த்தத்தில்.

காளவாசல் டீக்கடையில் ஜெரால்டு
போனைத் திருப்பிக் காட்டினார்.
சிவப்பில் ஒரு கடிகாரம்,
பத்து நிமிடம், இறங்கிக்கொண்டே இருக்கிறது.
"சலுகை முடியப்போகுதுன்னு
பதறி வாங்கிருவாங்க மேடம்."
முடிந்தால்?
"மறுபடி பத்துல இருந்து ஓடும்."
ஐந்நூறு பாராட்டு
நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.
பாராட்டுகிறவர்களின் பேரும் ஊரும்
அவர்களே போட்டுக்கொள்வார்களாம்.
"முதல் தோசையே பூ மாதிரி வரும்னு
ஒரே ஒரு வரி, அவ்வளவுதான்."
வடையைப் பிய்த்தபடி சொன்னார்.
நல்ல மனுசர்தான்.
டீக்காசையும் அவரே கொடுத்தார்.

இரும்பைத் தெரிந்தவர் யாரும்
அந்த வரியை எழுத மாட்டார்.
புதுக்கல் ஒட்டும்.
கழுவி, கஞ்சித்தண்ணியில் ஊறப்போட்டு,
நல்லெண்ணெய் தடவி,
வெங்காயம் வதக்கி வதக்கிக் கொட்டி
(கொட்ட மனசே வராது)
அதற்கப்புறமும் ஒட்டும்.

ஆகவே ஒட்டுவதையே படம் எடுத்தேன்.
முதல் தோசை கிழிந்தது.
இரண்டாவது, ராமநாதபுரம் கடற்கரையை
வரைபடத்தில் பார்ப்பது போல.
ஏழாவதில் விரலைச் சுட்டுக்கொண்டு
நான் சொன்ன வார்த்தையைக்கூட வெட்டவில்லை.
பதினொரு நிமிடம்.
பார்த்தது இருபத்தேழு தடவை;
அதில் நாலு தடவை என் தங்கை.

வாடகைத் தேதிக்கு முந்தின ராத்திரி
"மூன்று மட்டுமே மீதம்" என்று தட்டினேன்.
முதுகுக்குப் பின்னால் நூற்று எண்பத்தொன்று,
கருப்பாக, வாய் திறக்காமல்.
ஆறு நிமிடம் இருந்தது அந்த வரி.
வாரக்கணக்கில் ஊமையாய்க் கிடந்த போன்
பொய்யைக் கேட்டதும் மணியடித்தது.
நத்தம்காரர், பேர் சீனிச்சாமி, ஒரு கல்.
வரியை அழித்தேன்.
தூங்கவில்லை.
காலையில் கூப்பிட்டு
"அண்ணே, மூணு இல்ல, நெறயா இருக்கு,
அவசரமே இல்ல" என்றேன்.
கொஞ்ச நேரம் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.
"அப்பப் பொறவு பாத்துக்கிருவோம்."
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பரமக்குடியிலிருந்து ஷகிலா பானு: ஒட்டுமா?
ஒட்டும்.
எத்தனை நாள்?
உங்க அடுப்பையும் கையையும் பொறுத்தது.
பதில் இல்லை.
ஆடி போய் ஆவணியும் பாதி போனபின்
ஒரு கல் வாங்கினார்.
அன்றிலிருந்து காலை ஏழேகாலுக்கு
என் போனில் ஒரு கிழிந்த தோசை
தவறாமல் வந்துவிடும்.
"இன்னிக்கும் ஒட்டிருச்சு."
தீயைக் குறைங்க என்பேன்.
"ஒட்டிருச்சு."
மாவு கொஞ்சம் கெட்டியோ என்பேன்.
இதை ஜெரால்டிடம் சொன்னால்
கணக்குப் போட்டுக் காட்டுவார்,
ஒரு கல்லுக்கு எத்தனை நிமிடம்,
ஒரு நிமிடத்துக்கு எத்தனை பைசா என்று.
கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

நேற்று படம் மட்டும் வந்தது, எழுத்தில்லை.
ஓரம் தானாக எழும்பிய முழுத் தோசை,
நடுவில் மட்டும்
ஒரு ரூபாய்க் காசளவு ஓட்டை.
ஊருக்குக் காட்டலாமா என்று கேட்டேன்.
"ஓட்டையோடயா?"
ஓட்டையோடதான்.

இன்று அதன் கீழே எழுதியிருக்கிறேன்:
புதுக்கல் ஒட்டும். பழகும்.
மீதம் நூற்று எழுபத்து நான்கு.